டீசல் எஞ்சினுக்குத் தாவர எண்ணெய்: இறங்குமுன் போட வேண்டிய கணக்கு

மின் இணைப்புக்கு மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் விவசாயிக்கும், வாய்க்காலிலிருந்து தண்ணீர் இறைத்துக் கடைமடைப் பயிரைக் காப்பாற்ற வேண்டிய விவசாயிக்கும் இன்றும் ஆயில் எஞ்சின்தான் துணை. டீசல் விலை ஏறும்போதெல்லாம் இவர்கள் மனத்தில் ஒரு கேள்வி எழுகிறது. வரப்பிலும் புறம்போக்கிலும் புங்கன் காய்த்துக் கொட்டுகிறது. வீட்டுப் பக்கத்தில் இலுப்பை நிற்கிறது. அந்த எண்ணெயை எஞ்சினில் ஊற்றினால் என்ன?

எஞ்சின் ஓடும். அதில் சந்தேகமில்லை. ஆனால் எத்தனை நாள் ஓடும், என்ன செலவு வைக்கும், அந்தச் செலவுக்குப் பின் மிச்சம் ஏதாவது உண்டா என்பதுதான் விவசாயி கேட்க வேண்டிய கேள்வி. இதைத் தெரிந்துகொள்ளாமல் செக்கு எண்ணெயை நேராக டாங்கியில் ஊற்றியவர்கள் நாசிலும் பிஸ்டன் ரிங்கும் மாற்றிச் செலவழித்ததுதான் மிச்சம்.

கடலை எண்ணெயில் ஓடிய முதல் எஞ்சின்

இது புதிய யோசனையல்ல. ருடால்ப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியாளர் தமது எஞ்சினை 1897-ல் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். 1900-ல் பாரிஸில் நடந்த உலகப் பொருட்காட்சியில், அவருடைய முறையில் அமைந்த சிறு எஞ்சின் ஒன்றைக் கடலை எண்ணெயில் ஓட்டினார்கள். ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளில் நிலக்கடலை ஏராளமாக விளைந்ததால், அங்கேயே எரிபொருள் கிடைக்குமா என்று பார்க்க பிரெஞ்சு அரசு விரும்பியதே இதற்குக் காரணம். கடலை எண்ணெயில் ஓடுகிறது என்பதே பார்த்தவர்களில் பலருக்குத் தெரியவில்லை என்று டீசல் பின்னர் எழுதியிருக்கிறார்.

அதன்பின் பூமியிலிருந்து எடுக்கும் எண்ணெய் மலிவாகக் கிடைத்தது. எஞ்சின்களும் அந்த மெல்லிய எண்ணெய்க்கு ஏற்றபடியே அமைக்கப்பட்டன. டீசல் தட்டுப்பாடு வரும்போது மட்டும் தாவர எண்ணெயின் நினைவு வரும். இரண்டாம் உலகப் போரின்போது பல நாடுகள் இதைக் கையாண்டன. 1990-களில் பப்புவா நியூ கினியாவைச் சேர்ந்த பூகன்வில் தீவு முற்றுகையிடப்பட்டு டீசல் வராமல் போனபோது, அந்தத் தீவு மக்கள் தேங்காய் எண்ணெயை ஊற்றி வண்டிகளை ஓட்டினார்கள். தென்னை அவர்கள் தோட்டத்திலேயே இருந்தது. வெப்பப் பிரதேசமானதால் எண்ணெய் உறையவுமில்லை. வேறு வழியில்லாதவர்களுக்கு அது உயிர் காத்த ஏற்பாடு. டீசல் கிடைக்கும் இடத்தில் கணக்கே வேறு.

டீசலுக்கும் எண்ணெய்க்கும் என்ன வித்தியாசம்?

முக்கியமான வித்தியாசம் கெட்டித்தன்மை. சாதாரண வெப்பத்தில் தாவர எண்ணெய் டீசலைப்போல் சுமார் 10 மடங்கு கெட்டியானது. ஆமணக்கெண்ணெய் இவற்றையும் விடப் பல மடங்கு கெட்டி; ஆகவே அது எஞ்சினுக்கு உதவாது.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கொடுக்கும் பிளக் கிடையாது. காற்றை அழுத்திச் சூடேற்றி, அந்தச் சூட்டில் எரிபொருளை நாசில் வழியாகப் பனிபோல் பீச்சி எரிய வைக்கிறார்கள். எரிபொருள் கெட்டியாக இருந்தால் பனிபோல் பிரியாது, துளித்துளியாக விழும். பெரிய துளி முழுவதும் எரிவதில்லை. எரியாத மிச்சம் நாசில் நுனியில் கரியாகப் படிகிறது. கரி படிந்த நாசில் இன்னும் மோசமாகப் பீச்சுகிறது. கரி பிஸ்டன் ரிங்குகளின் காடியிலும் புகுந்து அவற்றை இறுகப் பிடித்துக்கொள்கிறது.

இதைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது. எரியாத எண்ணெய் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து சம்ப்பில் உள்ள எஞ்சின் ஆயிலுடன் கலக்கிறது. அங்கே சூட்டில் கிடந்து பிசினாக மாறுகிறது. எஞ்சின் ஆயில் வெல்லப்பாகுபோல் இறுகினால் பேரிங்குகளுக்கு எண்ணெய் போகாது. அப்போது எஞ்சின் ஒரே நாளில் பிடித்துக்கொள்ளும்.

வெப்பச் சக்தியிலும் வித்தியாசம் உண்டு. எடைக்கு எடை பார்த்தால் தாவர எண்ணெயில் டீசலைவிட சுமார் 10 சதவீதம் சக்தி குறைவு. ஆகவே அதே வேலைக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவாகும்.

வெளிநாட்டு அனுபவம்

டீசல் விலை கடுமையாக ஏறிய 1970-களின் கடைசியில் தென் ஆப்பிரிக்காவில் டிராக்டர்களைச் சூரியகாந்தி எண்ணெயில் ஓட்டிப் பார்த்தார்கள். முதலில் குறை ஏதும் தெரியவில்லை. ஆனால் 1,000 மணி நேரம் ஓடிய பின் எஞ்சினின் சக்தி 8 சதவீதம் குறைந்திருந்தது. இன்ஜெக்டர்களையும் இன்ஜெக்ஷன் பம்பையும் மாற்றிய பிறகே பழைய சக்தி திரும்பியது. 'பத்து நாள் ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லை' என்று சொல்பவரின் பேச்சை நம்பி இறங்கக் கூடாது என்பதற்கு இதுவே சான்று.

ஜெர்மனியில் 2001 முதல் 2005 வரை சுமார் 100 டிராக்டர்களை ரேப்சீட் எண்ணெய்க்கு மாற்றி விவசாயிகளின் வயலிலேயே ஓட்டிப் பார்த்தார்கள். ரேப்சீட் என்பது கடுகு இனத்தைச் சேர்ந்த பயிர். பாதிக்கு மேற்பட்ட டிராக்டர்கள் பெரிய பழுதின்றி ஓடின. மற்றவற்றில் எஞ்சினும் பம்பும் பழுதாயின. எண்ணெயின் தரக்குறைவு முக்கியக் காரணங்களில் ஒன்றாக இருந்தது. இதன்பின் எரிபொருளாகும் எண்ணெய்க்கென்றே அங்கே தர அளவு வகுத்தார்கள். அதன்படி எண்ணெயில் ஈரம் 0.075 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 2008 முதல் சாலை வாகனங்களுக்கான தாவர எண்ணெய்க்கு வரியும் விழுந்தபோது, பலருக்கு லாபக் கணக்கு மாறிப் போயிற்று.

கர்நாடகத்தில் புங்கன் எண்ணெய்

நம் நாட்டில் சமையல் எண்ணெயை எஞ்சினில் ஊற்றுவது அறிவுடைமையாகாது. தேவைப்படும் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. அதன் விலையும் டீசலைவிடக் கூடுதல். ஆகவே உண்ணத் தகாத எண்ணெய்களைத்தான் பார்க்க வேண்டும். அவற்றில் புங்கன் முதன்மையானது.

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தினர் 1990-களின் இறுதியில் கர்நாடகத்தின் கக்கனஹள்ளி என்ற வறண்ட கிராமத்தில் புங்கன் எண்ணெயால் டீசல் ஜெனரேட்டர்களை ஓட்டி, ஆழ்குழாய்க் கிணறுகளுக்கு மின்சாரம் கொடுத்தார்கள். மானாவாரி நிலங்களுக்குத் தண்ணீர் வந்தது. கன்னடத்தில் ஹொங்கே எனப்படும் இந்த மரம் அந்த வட்டாரத்தில் முன்பே நிறைய இருந்தது. எண்ணெய்க்காகப் புதிதாக நிலம் ஒதுக்க வேண்டியிருக்கவில்லை. இருக்கிற மரம், அருகிலேயே எக்ஸ்பெல்லர், நிலையாக நின்று ஒரே சுமையில் ஓடும் எஞ்சின், கவனித்துக்கொள்ளத் தெரிந்த ஆள் என்று எல்லாம் ஒரே இடத்தில் அமைந்த முயற்சி அது.

எந்த எஞ்சினுக்குப் பொருந்தும்?

நிமிடத்துக்கு 650 முதல் 1,000 சுற்று வரை ஓடும் பழைய மாதிரிக் கனமான ஆயில் எஞ்சின்கள் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். எரிபொருள் எரிவதற்கு அவற்றில் கூடுதல் நேரம் கிடைக்கிறது. 1,500 சுற்றுக்கு மேல் ஓடும் சிறு எஞ்சின்களில் கரி சீக்கிரம் படியும்.

டிராக்டரில், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிப் பிளஞ்சர் உள்ள வரிசைப் பம்பு இருந்தால் ஓரளவு தாங்கும். ரோட்டரி பம்பு எரிபொருளாலேயே உராய்வு நீங்கி ஓடுவது. குளிர்ந்த கெட்டி எண்ணெயில் அது உடைந்துவிடக் கூடும். மிக உயர்ந்த அழுத்தத்தில் பீச்சும் காமன் ரெயில் எஞ்சின் உள்ள புதிய டிராக்டரிலும் ஜீப்பிலும் வேனிலும் இந்தச் சோதனையே கூடாது. ஒரு இன்ஜெக்டர் போனாலும் பல ஆயிரம் ரூபாய் செலவு. உத்தரவாதக் காலத்தில் உள்ள எஞ்சினானால் உத்தரவாதமும் போய்விடும்.

சாலையில் ஓடும் வாகனத்துக்குச் சட்டமும் உண்டு. பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரம் மாறும்படி வாகனத்தை மாற்றி அமைப்பதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்காமல் கை வைக்கக் கூடாது. கிணற்றடியில் நிற்கும் எஞ்சினுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இரண்டு டாங்கி முறை

எண்ணெயைச் சுமார் 80 டிகிரி சென்டிகிரேடுக்குச் சூடாக்கினால் அதன் கெட்டித்தன்மை நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. இந்த ஓர் உண்மையை வைத்துத்தான் மாற்றம் முழுவதும் செய்யப்படுகிறது.

எஞ்சினுக்கு இரண்டு டாங்கி வைக்க வேண்டும். ஒன்றில் டீசல், மற்றதில் எண்ணெய். நடுவில் திருப்புக் குழாய். எண்ணெய் டாங்கியிலிருந்து வரும் குழாய் ஒரு சூடேற்றும் சுருள் வழியாகப் பில்டருக்குப் போக வேண்டும். நாசிலிலிருந்து மிச்சம் திரும்பி வரும் குழாயையும் கவனிக்க வேண்டும். அதை மாற்றாமல் விட்டால் எண்ணெய் டீசல் டாங்கிக்குள் போய்ச் சேர்ந்துவிடும். பிறகு காலையில் எஞ்சின் கிளம்பாது.

டிராக்டரில் ரேடியேட்டருக்குப் போகும் சுடுநீரைக் கொண்டே எண்ணெயைச் சூடாக்கலாம். கிணற்று எஞ்சினில் இது நடக்காது. பம்பு இறைக்கும் குளிர்ந்த தண்ணீரே எஞ்சினைச் சுற்றி ஓடி வெளியேறுவதால் எஞ்சின் சூடேறுவதே இல்லை. எண்ணெய் ஊற்றி ஓட்டுபவர்கள் முதலில் இதைத்தான் சரிசெய்ய வேண்டும். எஞ்சினுக்குள் போகும் தண்ணீரின் அளவை வால்வு வைத்துக் குறைத்து, வெளிவரும் தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டில், சுமார் 70 டிகிரியில் இருக்கும்படி செய்ய வேண்டும். தண்ணீரை அடியோடு அடைத்தால் ஹெட் வெடித்துவிடும். எண்ணெயைச் சூடாக்கச் சைலன்சர் குழாயின் சூட்டைப் பயன்படுத்தலாம். அங்கே சூடு அளவுக்கு மீறிப் போகும் என்பதால் தெரிந்த மெக்கானிக்கைக் கொண்டு அமைப்பதே நல்லது.

எண்ணெய்க் குழாய்க்குச் செம்பு கூடாது. செம்பு பட்டால் எண்ணெய் சீக்கிரம் கெட்டுப் பிசினாகும். சாதாரண ரப்பர் குழாயும் ஊறி இளகிவிடும்.

ஓட்டும் முறை

1. எப்போதும் டீசலில்தான் கிளப்ப வேண்டும். 10 முதல் 15 நிமிடம் ஓடி எஞ்சின் சூடேறிய பின்பே எண்ணெய்க்குத் திருப்ப வேண்டும்.

2. நிறுத்துவதற்கு 5 நிமிடம் முன்னதாக மீண்டும் டீசலுக்குத் திருப்ப வேண்டும். பம்பிலும் நாசிலிலும் எண்ணெய் தங்கினால் அங்கேயே இறுகும்.

3. சுமையில்லாமல் ஓட விடக் கூடாது. 5 குதிரைசக்தி எஞ்சினில் 2 குதிரைசக்தி வேலை வாங்கினால் உள்ளே சூடு போதாமல் கரி படியும்.

4. எஞ்சின் ஆயிலைக் கம்பெனி சொன்ன காலத்தில் பாதிக் காலத்திலேயே மாற்ற வேண்டும். அளவுக்கம்பியை வாரந்தோறும் எடுத்து ஆயிலை விரலில் தேய்த்துப் பார்க்க வேண்டும். கெட்டிப்பட்டிருந்தாலும், அளவு கூடியிருந்தாலும் உடனே நிறுத்தி ஆயிலை மாற்ற வேண்டும்.

5. புகை கறுத்தாலோ, கிளம்பச் சிரமப்பட்டாலோ நாசிலைக் கழற்றிச் சோதிக்க வேண்டும்.

வெறும் எண்ணெய்க்குப் பதில், டீசலில் 10 முதல் 20 சதவீதம் எண்ணெய் கலந்து ஓட்டுவோரும் உண்டு. இதில் கெடுதல் குறைவு, ஆனால் இல்லாமலில்லை. நாசிலையும் ஆயிலையும் கவனிக்கும் வேலை இதிலும் உண்டு.

எண்ணெயைப் பக்குவப்படுத்துதல்

செக்கிலிருந்து வந்த எண்ணெயை அப்படியே ஊற்றக் கூடாது. குறைந்தது 10 நாளாவது அசையாமல் தெளிய விட்டு, அடிக்கசடை விட்டுவிட்டு மேலாக இறுத்து, துணியிலும் பிறகு மெல்லிய பில்டரிலும் வடிகட்ட வேண்டும்.

ஈரம் இருக்கிறதா என்று பார்க்கச் சுலபமான வழி உண்டு. சூடேறிய வாணலியில் நாலு சொட்டு விட்டால், ஈரமுள்ள எண்ணெய் படபடவென்று வெடிக்கும். அப்படி வெடித்தால் எண்ணெயைச் சூடாக்கி ஈரம் போக்கி, ஆறவிட்டு மறுபடி தெளிய விட வேண்டும்.

பழைய விதையும் மழையில் நனைந்த விதையும் புளிப்பு ஏறிய எண்ணெயைக் கொடுக்கும். அது பம்பின் உள்பாகங்களை அரிக்கும். மாசி முதல் வைகாசி வரை முதிரும் காய்களைப் பறித்து, நன்றாகக் காயவைத்து, உடைத்து, உடனே ஆட்டிவிடுவது நல்லது. எண்ணெயை வெயில் படாத இடத்தில், வாய் வரை நிரப்பி மூடி வைக்க வேண்டும்.

பயோடீசல் வேறு

எண்ணெயுடன் மெத்தனாலும் சிறிது காஸ்டிக்கும் சேர்த்து 60 டிகிரியில் வினைப்படுத்தினால் கிளிசரின் பிரிந்து மெல்லிய எரிபொருள் கிடைக்கும். இதுவே பயோடீசல். 1937-ல் பெல்ஜியத்தில் ஒருவர் பனை எண்ணெயை ஆல்கஹாலுடன் சேர்த்து இம்முறையில் காப்புரிமை பெற்றார். 1938-ல் பிரஸ்ஸல்ஸ் நகரிலிருந்து ஒரு பஸ்ஸும் இதில் ஓடியது. எஞ்சினுக்கு இது செக்கு எண்ணெயைவிட எவ்வளவோ மேல்.

ஆனால் இதை வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. மெத்தனால் கொடிய விஷம், சட்டென்று தீப்பற்றும். இது கலந்த சாராயத்தைக் குடித்து 2024-ல் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். உரிமமின்றி இதை வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம்.

கணக்கு

5 குதிரைசக்தி எஞ்சின் மணிக்குச் சுமார் 1 லிட்டர் டீசல் குடிக்கும். ஒரு பருவத்தில் 100 மணி நேரம் ஓட்டும் விவசாயிக்கு 100 லிட்டர் வேண்டும். கிளப்பவும் நிறுத்தவும் ஆகும் டீசலைக் கழித்து, சக்திக் குறைவுக்குக் கொஞ்சம் கூட்டினால், ஏறத்தாழ 100 லிட்டர் எண்ணெய் தேவை.

எக்ஸ்பெல்லரில் 4 கிலோ புங்கன் விதைக்கு 1 கிலோ எண்ணெய் கிடைக்கும். ஆக 370 கிலோ விதை வேண்டும். ஒரு மரம் 10 முதல் 20 கிலோ விதை தந்தால் 19 முதல் 37 காய்க்கும் மரங்கள் தேவை. இன்று நட்ட கன்று நன்றாகக் காய்க்க 5 முதல் 7 ஆண்டு ஆகும்.

இதில் சுமார் 280 கிலோ பிண்ணாக்கு மிஞ்சும். அதில் 4 சதவீதம் தழைச்சத்து என்று கொண்டால் 11 கிலோவுக்கு மேல் ஆகிறது. இது அரை மூட்டை யூரியாவுக்குச் சமம். புங்கன் பிண்ணாக்கு நிலத்துக்கு நல்ல உரம்; மாட்டுக்குத் தீவனமாக வைக்கக் கூடாது.

செலவுப் பக்கத்தில் காய் பறித்து உடைக்கும் கூலி, ஆட்டுக்கூலி, இரண்டாவது டாங்கி, கூடுதல் எஞ்சின் ஆயில், நாசில் சர்வீஸ் இவற்றை எழுத வேண்டும். வரவில் மிச்சமாகும் டீசலையும் பிண்ணாக்கையும் எழுத வேண்டும். ஊர் விலையைப் போட்டுப் பார்த்தால் விடை அவரவருக்கே கிடைக்கும்.

பெரும்பாலும் கிடைக்கும் விடை இதுதான். சொந்த மரத்துக் காயும் வீட்டு ஆட்களின் உழைப்பும் இருந்தால் சிறிது மிச்சம் உண்டு. விதையைக் காசு கொடுத்து வாங்கினால் மிச்சம் இல்லை. எண்ணெய்க்குச் சந்தையில் டீசலைவிட நல்ல விலை கிடைத்தால், எண்ணெயை விற்று டீசல் வாங்குவதே புத்திசாலித்தனம்.

காட்டாமணக்கு தந்த பாடம்

2003-ல் மத்தியத் திட்டக் குழுவின் குழு ஒன்று எரிபொருளுக்காகக் காட்டாமணக்கு சாகுபடியைப் பரிந்துரைத்தது. தமிழகத்திலும் ஒப்பந்த முறையில் பல விவசாயிகள் பயிரிட்டார்கள். தண்ணீரே வேண்டாம், தரிசிலேயே டன் கணக்கில் காய்க்கும் என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. செடி உயிரோடு நின்றது. காய்தான் சொன்னபடி வரவில்லை. காய்க்க வைக்க நீரும் உரமும் வேண்டியிருந்தன. வந்த காய்க்கும் நல்ல விலை இல்லை. பலர் செடியைப் பிடுங்கிவிட்டுப் பழைய பயிருக்கே திரும்பினார்கள். 2017-க்குள் டீசலில் 20 சதவீதம் பயோடீசல் என்று 2009-ல் அறிவித்த இலக்கு எட்டப்படவில்லை. 2018-ல் வந்த புதிய கொள்கை 2030-க்கு 5 சதவீதம் என்று இலக்கைக் குறைத்துக்கொண்டது.

ஆகவே எரிபொருளுக்காக விளைநிலத்தை ஒதுக்குவது சிறு விவசாயிக்கு ஏற்றதல்ல. வேலியோரத்திலும் ஓடைக்கரையிலும் நிற்கும் புங்கனிலிருந்து கிடைப்பதை வைத்துக்கொண்டு, ஒரு பழைய எஞ்சினில், மெக்கானிக்கின் துணையோடு சிறு அளவில் செய்து பார்ப்பதில் தவறில்லை. அதற்கு முன்பாக வட்டாரத்தில் உள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலரைக் கலந்துகொள்வது நல்லது.

எண்ணெய்க்கு மாறாமலே மிச்சம் பிடிக்கவும் வழி உண்டு. புட்வால்வு ஒழுகாமலும், பெல்ட் வழுக்காமலும், நாசில் சுத்தமாகவும், பம்புக்கு ஏற்ற எஞ்சினாகவும் பார்த்துக்கொண்டால் டீசல் செலவு கணிசமாகக் குறையும். புங்கனைத் தேடிப் போகுமுன் இந்த நான்கையும் சரிபார்த்துவிட வேண்டும்.